மூன்று சுழி

ஜனவரி 20, திங்கள்

வாங்க, உட்காருங்க. சுகமா இருக்கீங்களா? பிள்ளைகள் எல்லாம் நல்லா இருக்கா? வெயிலில் வந்திருப்பீர்கள், முதலில் தண்ணீர் குடியுங்கள்.

நோட்டில் யாரும் இப்படி விசாரித்து ஆரம்பிக்க மாட்டார்கள் என்று என் மகள் மாரீஸ்வரி சிரிக்கிறாள். "நாட்குறிப்புன்னா நமக்கு நாமளே எழுதிக்கிறதுப்பா. இதுல யாரு வரப்போறாக?" என்கிறாள். யாராவது ஒருநாள் திறந்து பார்க்கத்தான் போகிறார்கள். திறந்தவர் விருந்தாளி. விருந்தாளியை வாங்க என்று சொல்லாமல் காரியத்தைப் பேச எனக்கு வராது.

என் பெயர் சங்கிலி. ஊர் ஓடைக்கரைப்பட்டி. தொழில் மாட்டுத் தரகு. பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. போன வருடம்தான், ஐம்பத்து நாலு வயதில், எழுத்துக் கற்றுக்கொண்டேன். சொல்லிக் கொடுத்தவள் மாரீஸ்வரி. இந்த டைரி உரக்கடையில் சும்மா கொடுத்தது. தினம் கொஞ்சம் எழுத வேண்டும் என்பது அவள் உத்தரவு. நான் எழுதி வைப்பதை மறுநாள் சிவப்புப் பேனாவால் திருத்துவாள். என் பேச்சையும் புத்தகத் தமிழாக்கி விடுவாள். ஆகையால் இதில் நன்றாக இருப்பதெல்லாம் அவளுடையது, சுற்றி வளைப்பது மட்டும் என்னுடையது.

எங்கள் தொழிலில் மாட்டுக்குச் சுழி பார்ப்போம். நெற்றியில், முதுகில், மயிர் சுழித்து நிற்கிற இடம். சிலேட்டில் அவள் முதலில் ன எழுதி, "இது ரெண்டு சுழி", ண எழுதி, "இது மூணு சுழி" என்று சொன்னபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. எழுத்துக்கும் சுழி உண்டென்றால் அதுவும் நம் சரக்குதானே. இருந்தாலும் மூன்று சுழி வரவேண்டிய இடத்தில் என் கை இரண்டோடு நின்றுவிடுகிறது. என்ன காரணமோ.

அவள் எனக்கு வாத்தியார் ஆன கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்னால், ஆவணி மழையில், அவளுக்குத் தலைப்பிள்ளை தங்கவில்லை. ஓடைப் பாலத்துக்கு மேலே தண்ணீர் போனது. ஆம்புலன்ஸ் சுற்றி வரவேண்டியிருந்தது. கைக்கெட்டின தூரத்தில் ஒரு காய்கறி வேன் இருந்தது, அதுவும் போய்விட்டது. அவ்வளவுதான். அதன்பிறகு மூன்று மாதம் அவள் வாய் திறக்கவில்லை. ஒருநாள் நான் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பா, தலைகீழாப் பிடிச்சிருக்கீக" என்றாள். மூன்று மாதத்தில் அவள் பேசின முதல் பேச்சு அது. மறுநாளே போய்ச் சிலேட்டு வாங்கி வந்தேன். இன்னும் பேசட்டும் என்றுதான் வாங்கினேன். எழுத்து வந்தது அதில் கிடைத்த லாபம்.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. மாப்பிள்ளை ஜெயபாண்டி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். பிள்ளை பிறக்கும்வரை அவள் எங்களோடுதான். ஏப்ரல் நடுவில் நாள் சொல்லியிருக்கிறார்கள். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி இருபத்திரண்டு கிலோமீட்டர்.

இந்தத் தடவை நம் வாசலில் நம் வண்டி நிற்கவேண்டும். ஒரு கார். புதுசு வாங்க நமக்கு வசதி இல்லை. பழசு போதும். ஆனால் கூப்பிட்ட நேரத்துக்குக் கிளம்புகிற பழசு.

ஜனவரி 22, புதன்

'புன்னாக்கு' என்று எழுதினேனாம். 'புண்ணாக்கு', மூன்று சுழி. ஐந்து தடவை எழுத வைத்தாள்.

ஜனவரி 26, ஞாயிறு

கார் பார்க்கப் போனோம். நான், என் சம்சாரம் இருளாயி, மெக்கானிக் காஜா பாய். காஜா பாய்க்கு நல்ல கறவைமாடு ஒன்று முன்பு பார்த்துக் கொடுத்தேன். அது இன்னும் கறக்கிறது, அதனால் நட்பும் இருக்கிறது.

பழைய கார் விற்கிற இடத்துக்குக் கார் கன்சல்டிங் என்று பெயர். மாடு விற்கிற இடத்துக்குச் சந்தை என்று பெயர் வைத்த நாங்கள் விவரம் இல்லாதவர்கள்.

சிவப்புக் கார் ஒன்று வரிசையில் முன்னால் நின்றது. முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு. கறுப்புக் கண்ணாடி போட்ட தம்பி ஒருவர் ஓடி வந்தார்.

"ஒரே ஓனரு வண்டிண்ணே. டாக்டர் வச்சிருந்தது. ஞாயித்துக்கிழமை மட்டும் வெளிய எடுப்பாரு."

"அப்ப மத்த நாளு டாக்டரு ஆஸ்பத்திரிக்கு நடந்தா போனாரு?" என்று இருளாயி கேட்டாள்.

தம்பி அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "வண்டி எதுக்குண்ணே வேணும்?"

"சும்மாதான். கோயில் கொளம்னு போக வர" என்றேன். இருளாயி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

காஜா பாய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். வண்டியில் கீறல் விழாதபடி துணியில் சுற்றியிருந்தார். கதவில் வைத்தார், ஒட்டியது. பானட்டில் வைத்தார், ஒட்டியது. பின்பக்க இடது மூலையில் வைத்தார், நழுவிக் கையில் விழுந்தது. இன்னொரு தடவை வைத்தார். இன்னொரு தடவை விழுந்தது.

"இங்க தகரத்த விட பட்டிதாண்ணே ஜாஸ்தி. அடி வாங்கி, பூசி, தேச்சுப் பெயின்ட் அடிச்சிருக்காக."

பிறகு உள்ளே குனிந்து கிளட்ச் மிதிக்கிற கட்டையைக் காட்டினார். மீட்டரில் ஓடின தூரம் கொஞ்சம்தான். ஆனால் கட்டையில் இருந்த ரப்பர், பத்து வருடம் போட்ட செருப்பு மாதிரி வழவழவென்று தேய்ந்து கிடந்தது. "மீட்டரத் திருப்பலாம்ணே. ரப்பரத் திருப்ப முடியுமா?" என்று என் காதில் சொன்னார்.

டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். டீக்காசை அந்தத் தம்பியே கொடுத்தார். நல்ல பிள்ளைதான். தொழில் அப்படி.

ஜனவரி 27, திங்கள்

காஜா பாயை நினைத்துக்கொண்டேன். அவர் இல்லாவிட்டால் அந்தச் சிவப்பில் நான் விழுந்திருப்பேன். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூச்சு வேலையைத்தான் நாங்கள் கொம்பில் செய்வோம். சந்தைக்கு முதல்நாள் கொம்பைச் சீவி எண்ணெய் போடுவது, வயிறு நிறைந்து தெரிய உப்புத் தண்ணீர் காட்டுவது. வயது தெரியாமல் இருக்கப் பல்லை அரத்தால் ராவுகிறவர்களும் உண்டு. நான் அப்படிச் செய்ததில்லை என்று எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

கார் வந்தால் யார் ஓட்டுவது என்று ஊரே கேட்டது. எனக்கு வலது கண்ணில் புகை அடைத்த மாதிரி இருக்கிறது, லைசென்ஸ் கிடைக்காது. ஜெயபாண்டிக்குத் தேதி நெருங்கித்தான் லீவு. இருளாயி பால் கேனைக் கட்டிக்கொண்டு டி.வி.எஸ். ஓட்டிப் போனவள், டிரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். எட்டாவது வரை படித்தவள். எல்.எல்.ஆர். பரீட்சையும் எழுதிவிட்டாளாம். எனக்குச் சொல்லவே இல்லை.

"இந்த வயசுல எதுக்குடி?" என்றேன்.

"முப்பது வருசம் ஒங்கள ஓட்டிட்டேன். இதுக்காச்சும் பிரேக்கு இருக்கு."

மாரீஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் இரண்டு பேச்சு வாங்கலாம் போல இருந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

அந்தச் சிவப்புக்குப் பிறகு நாலு வண்டி பார்த்தாயிற்று. ஒன்றில் டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. நடை கோணல். மாட்டுக்குக் குளம்பு பார்த்துச் சொல்வேன், காருக்கு இப்போது டயர் பார்த்துச் சொல்கிறேன். இன்னொன்றில் ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்தவர் பெயர் இன்னும் நீங்காமல் இருந்தது. மற்ற இரண்டும் நல்ல வண்டிகள் என்று காஜா பாய் சொன்னார். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

சாப்பிடும்போது இருளாயி பிடித்துக்கொண்டாள். "நீங்க வண்டியப் பாக்கல. விக்கிறவன் மூஞ்சியப் பாக்குறீக. எல்லாரும் ஒங்கள மாதிரியே இருப்பாகன்னு நெனப்பு."

"தெரியாதவன நம்பச் சொல்றியா?"

"நம்மள அவுக நம்புற மாதிரி நீங்க என்ன பேசுனீக? எதுக்கு வேணும்னு ஒரு எடத்துலயாச்சும் சொன்னீகளா? கோயிலு கொளமுன்னு கதை."

"அவசரம்னு காட்டுனா வெல ஏறும்டி."

கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். "அன்னைக்கும் இதத்தான சொன்னீக" என்றாள்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

பிப்ரவரி 15, சனி

சந்தைக்குப் போனேன். எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 2, ஞாயிறு

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகப் போகும். உங்களுக்கு வேலை இருந்தால் முடித்துவிட்டு வந்து படியுங்கள்.

விருதுநகரில் ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் ஒருவர் கார் விற்கிறார் என்று காஜா பாய்க்குத் தகவல் வந்தது. தேவசகாயம் சார். மனைவி ரூபி அம்மா டீச்சராக இருந்து ஓட்டின கார். அந்த அம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறது.

"நாம வாரத முன்கூட்டிச் சொல்லக்கூடாதுண்ணே" என்றார் காஜா பாய். "சொன்னா இஞ்சின ஓடவிட்டுச் சூடு பண்ணி வச்சிருவாக. சூடான இஞ்சின் எல்லாம் நல்லாத்தான் பாடும். குளுந்து கெடக்கைல ஒரே சாவிக்குக் கெளம்புதான்னுதான் பாக்கணும்."

அதனால் சொல்லாமல், விடியுமுன்னே இருளாயியோடு மூன்று பேருமாகப் பஸ் பிடித்து, ஆறு மணிக்கே போய்ச் சேர்ந்தோம். தெரு திரும்பினால் இஞ்சின் சத்தம் கேட்கிறது. அந்த வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்று உறுமிக்கொண்டிருக்கிறது. பெரியவர் ஒருவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

காஜா பாய் என் கையைப் பிடித்தார். "சூடு பண்றாருண்ணே. நாம வாரது எப்புடித் தெரிஞ்சது?"

எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனாலும் வந்தது வந்தோம் என்று பார்த்தோம். காந்தம் வைத்த இடமெல்லாம் ஒட்டியது. டயர் நாலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. கதவு ரப்பரை இழுத்துப் பார்த்தார், கம்பெனியில் பற்றவைத்த புள்ளிகள் அப்படியே இருந்தன. ஆயில் கம்பியை உருவித் துடைத்து விட்டுப் பார்த்தார், தேன் நிறம். ஒரு பிஸ்கட் டப்பாவில் சர்வீஸ் பில் எல்லாம் தேதி வரிசையில் இருந்தது. போஸ்ட் ஆபீஸ்காரர் அல்லவா.

"எல்லாம் சுத்தம்ணே. ஆனா அந்தச் சூடுதான் ஒதைக்குது" என்றார் காஜா பாய். பெரியவரிடமும் நேராகக் கேட்டார். "காலைலயே வண்டி ஓடிக்கிட்டு இருந்துச்சே சார்?"

"தெனமும் ஆறு மணிக்குப் போடுறது வழக்கம்" என்றார் அவர். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முப்பது வருடம் மனிதர் முகத்தைப் பார்த்துப் பிழைத்தவன் நான். ஒன்றை மறைக்கிற முகம் அது. சரி, குறை இருக்கிறது, அதைச் சொல்லாமலே அவர் கேட்ட விலையைக் குறைத்துவிடுவோம் என்று தோன்றியது. அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். "வெல பேசிருவோமா சார்?" என்று என் தோள் துண்டை எடுத்து, எங்கள் இருவர் கைமேலும் போட்டு, உள்ளே அவர் விரல்களைப் பிடித்தேன்.

உங்களுக்குத் தெரியாவிட்டால் சொல்கிறேன். எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். துண்டுக்குள்ளே விரல் பிடிப்போம். எத்தனை விரலோ அத்தனை ஆயிரம், காருக்கென்றால் லட்சம். பிடித்து அமுக்கினால் கேட்கிறேன் என்று அர்த்தம். கையை உருவிக்கொண்டால் கட்டாது, பேரம் முறிந்தது என்று அர்த்தம். சுற்றி நிற்கிற ஒருத்தருக்கும் விலை தெரியாது. பிறந்ததிலிருந்து பழகினது, உலகத்தில் எல்லாருக்கும் தெரியும் என்ற நினைப்பிலேயே கையைப் பிடித்துவிட்டேன். தபால் கொடுத்தவருக்கு அது எப்படித் தெரியும்?

மூன்று விரலை அமுக்கினேன். அவர் உருவவில்லை. சரி, இறங்குவார் போலிருக்கிறதே என்று இரண்டு விரலாகக் குறைத்தேன். அவர் என் கையை முழுசாகப் பொத்திப் பிடித்துக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுகிறது.

"ஒரு வருசமாச்சுங்க" என்றார். "இப்புடி ஒருத்தர் பக்கத்துல உக்காந்து கையப் பிடிச்சு."

என் இரண்டு விரல் உள்ளே அப்படியே நிற்கிறது. உருவவும் முடியவில்லை, அமுக்கவும் முடியவில்லை. காஜா பாய் வேறு பக்கம் பார்த்தார்.

"ஒங்ககிட்ட மறைக்கக் கூடாதுங்க" என்று அவரே சொல்லத் தொடங்கினார். "ரூபி ரிட்டயர் ஆனதுக்கப்பறம் வண்டி சும்மா நின்னுச்சு. ரெண்டு மாசம் நான் எடுக்கவே இல்ல. பேட்டரி போயிரும், தெனம் ஒரு தடவ போடுங்கன்னு அவ சொல்லிக்கிட்டே இருந்தா. நாளைக்குப் பாக்கலாம்னேன். ஒருநா நெஞ்சு வலிக்குதுன்னா. தூக்கி உள்ள உக்கார வச்சுச் சாவியத் திருப்புறேன். டிக்கு டிக்குங்குது. கெளம்பல. தெரு முக்குக்கு ஓடி ஆட்டோ கூட்டிட்டு வாரேன். சீட்டுல சாஞ்சிருந்தா. அவ்வளவுதான்."

இன்னொரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மறுநாளே புதுப் பேட்டரி மாத்துனேன். அன்னையிலருந்து தெனமும் ஆறு மணிக்குப் போட்டுருவேன். எங்கயும் போறதில்ல. சும்மா கா மணி நேரம் உள்ள உக்காந்திருப்பேன். இதச் சொன்னா யாரும் வாங்க மாட்டாகன்னு சொல்லல. தப்புதான்."

எங்கள் தொழிலில் வேளைக்கு உதவாத மாட்டை வாசலில் கட்ட மாட்டோம். அதுவும் பிள்ளைத்தாய்ச்சி ஏறவேண்டிய வண்டி. நான் இருளாயியைப் பார்த்தேன். அவள் கிளட்ச்சுக்குக் கால் எட்டுகிறதா என்று பார்க்க டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி இறங்கியிருந்தது. எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"சார்" என்றாள். "ஏப்ரல் மாசம் எம் மகளுக்குப் பிள்ள பொறக்கப் போவுது. மொதப் பிள்ள வண்டி கெடைக்காமப் போயிருச்சு. அதுக்குத்தான் எங்களுக்கு இந்தக் காரு வேணும். அவசரம்தான்."

சொல்லியேவிட்டாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "இதத்தாங்க எடுக்கணும். ஒரு வருசமா ஒரு மனுசன் தெனமும் எழுப்பிவிட்ட வண்டி. இத விட நம்பி எத வாங்குவீக?"

துண்டுக்குள் இன்னும் அவர் கை இருந்தது. அப்போது நானும் அவரிடம் ஒன்று சொன்னேன். என்ன சொன்னேன் என்று இன்றைக்கு எழுத வரவில்லை.

பிறகு ஒரு கூத்து நடந்தது. அவசரத்தைச் சொன்னதால் விலை ஏறும் என்று பார்த்தால், அவர் இறங்குகிறார். "பிள்ளைக்குன்னு சொல்றீக, குறைச்சே குடுங்க" என்கிறார். நான், "அதெல்லாம் ஆகாது சார், மொதல்ல நீங்க கேட்ட வெலதான்" என்கிறேன். அவர் இறக்க, நான் ஏற்ற, தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

"என்னண்ணே இது" என்று காஜா பாய் தலையில் கை வைத்தார். "ரெண்டு பேரும் எடம் மாறி உக்காந்துட்டீகளா?"

அவர் முதலில் கேட்ட விலைக்கே முடித்தோம். துண்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

நேற்று முழுவதும் எழுத உட்கார்ந்து எழுந்து போனேன். தேவசகாயம் சாரிடம் சொன்னதை இன்று எழுதிவிடுகிறேன்.

காய்கறி வேன் போய்விட்டது என்று முதலில் எழுதியிருக்கிறேன். அது தானாகப் போகவில்லை. வேன்காரர் நின்றார். ஒரு தொகை கேட்டார். நான் துண்டை எடுத்தேன். உள்ளே என் மகள் வலியில் கிடக்கிறாள் என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விலை ஏறும் என்று சும்மா ஒரு சோலி என்றேன். சும்மா சோலிக்கு இந்த மழையில் எவன் வருவான் என்று கையை உருவிக்கொண்டு போய்விட்டார். அவர்மேல் குற்றமில்லை. தெரிந்திருந்தால் சும்மாவே வந்திருப்பார்.

ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது.

மார்ச் 7, வெள்ளி

கார் வந்துவிட்டது. ஆர்.சி. பெயர் மாற்ற எழுதிக் கொடுத்தாயிற்று, இன்சூரன்சும் இருளாயி பெயருக்கு மாறுகிறது. சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். தேவசகாயம் சார் சாவியைக் கொடுக்கும்போது ஒன்றுதான் கேட்டார். "தெனமும் ஒரு தடவ போட்டுருங்க."

மார்ச் 8, சனி

காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. தேவசகாயம் சார். "போட்டீங்களா?" என்றார். இருளாயி சாவியைத் திருப்பினாள். போனைப் பானட்டுக்குப் பக்கத்தில் பிடித்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நல்லது, வைக்கிறேன்" என்றார்.

மார்ச் 12, புதன்

ஆறு மணிக்குப் போன். போட்டோம். கேட்டார்.

மாரீஸ்வரி ஒரு வாரமாக நோட்டைத் திருத்தவில்லை. நாலாம் தேதிப் பக்கத்திலிருந்து சிவப்பு மை எங்கும் இல்லை. உடம்பு முடியவில்லையோ என்று கேட்டேன். "நல்லாத்தானப்பா இருக்கேன்" என்றாள்.

மார்ச் 18, செவ்வாய்

இருளாயிக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. எட்டுப் போட்டுக் காட்டினாளாம். ரிவர்ஸ் மட்டும் இன்னும் சண்டை. வைக்கோல் படப்பில் இரண்டு தடவை முட்டினாள். கோழிகள் எல்லாம் பயத்தில் கூரை ஏறிவிட்டன.

சாப்பிட்ட கையோடு சட்டம் போட்டாள். "இந்தா கேட்டுக்கங்க. ஒரு ஹாரன் அடிச்சா கோழிய வெரட்டுறேன்னு அர்த்தம். ரெண்டு அடிச்சா நீங்க வழிய விட்டு நகருங்க. மூணு அடிச்சா மகளுக்கு வலி. எங்க இருந்தாலும், என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாலும், அப்படியே போட்டுட்டு ஓடி வந்து வண்டில ஏறணும். வாயத் தொறக்கக்கூடாது."

"சட்டையாச்சும் போட்டுக்கலாமா?"

"கிண்டலா? மூணுன்னா மூணுதான்."

மார்ச் 30, ஞாயிறு

வளைகாப்பு நடந்தது. ஜெயபாண்டி வந்திருந்தார், ஏப்ரல் பத்தாம் தேதியிலிருந்து லீவு சொல்லியிருக்கிறாராம். தேவசகாயம் சாரையும் கூப்பிட்டிருந்தோம். பஸ்ஸில் வந்தார். பில் இருந்த அந்தப் பிஸ்கட் டப்பாவை மறக்காமல் கொண்டுவந்து கொடுத்தார். சாப்பிட்டு முடித்துக் காரின் பின்சீட்டில் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். மாரீஸ்வரி அவருக்குப் பாயசம் கொண்டுபோய்க் கொடுத்தாள். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். என்ன பேச்சு என்று எனக்குத் தெரியாது. போகும்போது அவர் என் கையைப் பிடித்தார். துண்டு இல்லாமல்.

எனக்குச் சொந்தக்காரர்கள் கொஞ்சம்தான் என்று நினைத்திருந்தேன். ஒரு கார் வாங்கப் போய் எத்தனை பேர் சேர்ந்துவிட்டார்கள் பாருங்கள்.

நோட்டில் இன்னும் சிவப்பு மை இல்லை. படித்தாளா, படிக்கவில்லையா என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் நோட்டைத் திறந்தேன். மார்ச் நாலாம் தேதியிலிருந்து எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கிறது. ஒரே மூச்சில் திருத்தியிருக்கிறாள். நாலாம் தேதிப் பக்கத்தைக் கடைசியாகத்தான் பார்த்தேன்.

'நான் துன்டை எடுத்தேன்' என்று எழுதியிருந்தேன் போல. அந்த ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் எழுதியிருக்கிறாள்:

"துண்டு. மூணு சுழி. பத்துத் தடவை எழுதவும். மத்தது எல்லாம் எனக்கு அன்னைக்கே தெரியும்ப்பா. உள்ளதான படுத்திருந்தேன், கேட்டுச்சு. தெரிஞ்சுதான் சிலேட்டு பிடிக்கச் சொல்லிக் குடுத்தேன்."

மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டு வந்தேன். நின்றுவிட்டுத்தான் வந்தேன், வேலை ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 9, புதன்

சௌக்கியமா? சாப்பிட்டாயிற்றா? இங்கே எல்லாரும் நலம்.

ஆறு மணிக்கு வண்டி ஒரே சாவிக்குக் கிளம்பியது. தேவசகாயம் சார் போனில் கேட்டார். சளி பிடித்திருக்கிறது போல, குரல் கம்மியிருந்தது. மாரீஸ்வரி போனை வாங்கி, சுக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். இட்லி இரண்டுதான் தின்றாள். முதுகு கொஞ்சம் கனக்கிறது என்று நடந்துகொண்டிருக்கிறாள். ஜெயபாண்டி நாளைக்கு வருகிறார்.

நல்ல வண்டி எது என்று ஊரில் இப்போது என்னைக் கேட்கிறார்கள். காந்தம் வைத்துப் பார், காலையில் போய்ப் பார், கிளட்ச் ரப்பரைப் பார் என்று காஜா பாய் சொன்னதை எல்லாம் சொல்கிறேன். அதெல்லாம் பார்த்து முடித்தபிறகு உனக்கு எதற்கு வண்டி வேண்டும் என்பதை விற்கிறவரிடம் சொல்லிவிடு என்றும் சொல்கிறேன். அதைத்தான் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். நானும் அப்படி இருந்தவன்தானே.

மூன்று நாளாகத் தள்ளிப்போட்ட பாடத்தை இன்று முடித்துவிடுகிறேன். வாத்தியாரம்மா மதியம் கேட்பாள்.

துண்டு. துண்டு. துண்டு. துண்டு. துண்டு. துண்டு.

கை பழகிவிட்டது. மூன்று சுழியும் ஒழுங்காக விழுகிறது. இந்தச் சுழிக்குள் எனக்கு என்ன பயமோ தெரியவில்லை, இத்தனை நாள் இரண்டோடு நின்ற கை இப்போது

வெளியே ஹாரன் சத்தம். கோழியாக இருக்கும்.

துண்டு. துண்டு.

இரண்டாவதும் அடிக்கிறாள். ரிவர்ஸ் எடுக்கிறாள் போல, நான் வழியில் இல்லையே, உள்ளேதானே உட்கார்ந்து

மூ